ரேஞ்ச்ஃபைண்டரில் முகப்படம்: 75ஆ, 85ஆ, 90ஆ?

எஸ்.எல்.ஆர். கேமராவில் 85 எஃப்/1.8 லென்ஸை (85 என்பது மி.மீ. கணக்கில் குவியத்தூரம்; எஃப் எண் அப்பர்ச்சர் என்ற துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது) மாட்டிக் கண்ணை வைத்தால் எதிரே இருப்பவரின் முகம் அருகில் வந்துவிடும். லென்ஸ் பார்ப்பதைத்தான் நாமும் பார்க்கிறோம். ஃபோகஸ் விலகினால் மங்கலாகத் தெரியும். லென்ஸ் வழியாக அல்லாமல் தனிச் சாளரம் வழியாகப் பார்க்கும் லைக்கா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் இது எதுவும் நடக்காது. 28 மாட்டினாலும் 90 மாட்டினாலும் வியூஃபைண்டரில் எல்லாம் அதே அளவில்தான் தெரியும். உள்ளே ஒளிரும் ஃப்ரேம் கோடுகள் மட்டும் மாறும். நடுவிலிருக்கும் சிறு கட்டத்தில் இரண்டு பிம்பங்கள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால் ஃபோகஸ் சரி என்று கேமரா சொல்லும். அதைத்தான் நாம் நம்ப வேண்டியிருக்கிறது. லென்ஸ் உண்மையில் எங்கே குவிந்தது என்பது ஃபிலிம் கழுவி வந்த பிறகுதான் தெரியும்.

அதனால் முகப்படத்துக்கு லென்ஸ் தேடுபவர் லென்ஸ் விமர்சனங்களில் தொடங்கினால் பாதி வேலை வீண். கையிலிருக்கும் கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டர் எவ்வளவு துல்லியமானது, அதில் எந்த ஃப்ரேம் கோடுகள் இருக்கின்றன என்ற இரண்டையும் பார்த்துவிட்டால் தேர்வு தானாகவே நாலைந்து லென்ஸுக்குள் சுருங்கிவிடும்.

அதற்கு முன் ஒரு அடிப்படை. முகத்தின் வடிவத்தை மாற்றுவது லென்ஸ் அல்ல, தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 செ.மீ. இருக்கும். மூக்கிலிருந்து 50 செ.மீ. தள்ளி நின்று எடுத்தால் காது அதற்குரிய அளவில் 81 சதவீதம்தான் பதிவாகும். மூக்கு புடைத்து, முகம் குறுகித் தெரியும். 1.5 மீட்டரில் நின்றால் அது 93 சதவீதம். 3 மீட்டரில் 96. ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை, ஒருவரோடு உட்கார்ந்து பேசும் தூரத்தில், முகம் நாம் பழகிய முகமாகவே இருக்கும். அந்தத் தூரத்தில் நின்றபடி தலையும் தோளும் படத்தை நிரப்ப எந்தக் குவியத்தூரம் வேண்டும் என்பதுதான் கேள்வி. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து 90 மி.மீ. லென்ஸில் 1.5 மீட்டரில் எடுத்தால் ஏறத்தாழ 38 செ.மீ. அகலமும் 56 செ.மீ. உயரமும் படத்தில் அடங்கும். ஒரு தலை, இரண்டு தோள், மேலே கொஞ்சம் காற்று. 75இல் இதே அளவு வேண்டுமானால் 1.25 மீட்டருக்கு வர வேண்டும். 50இல் 83 செ.மீ.; அங்கே மூக்கு பேச ஆரம்பித்துவிடும்.

'டெலி' என்ற சொல்லையும் இங்கே பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒளியியலில் டெலிஃபோட்டோ என்றால் குவியத்தூரத்தைவிட நீளம் குறைவாக இருக்கும்படி வடிவமைத்த லென்ஸ். லைக்காவின் பழைய 90 எஃப்/4 எல்மார் போன்ற லென்ஸ்கள் அப்படி அமைந்தவை அல்ல. பேச்சு வழக்கில் 75 முதல் 105 வரை எல்லாமே குட்டி டெலிதான்.

ஒரு பெருக்கல், இரண்டு வகுத்தல்

ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டு கண்ணாடிச் சாளரங்கள் உண்டு. அவற்றுக்கு இடையேயான தூரம் அடித்தளம். வியூஃபைண்டர் உலகத்தை எவ்வளவு சிறிதாக்கிக் காட்டுகிறது என்பது உருப்பெருக்கம். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது செயல்படு அடித்தளம். கேமராவின் ஃபோகஸ் பலம் இதுதான். 1954இல் வந்த லைக்கா எம்3இன் அடித்தளம் 68.5 மி.மீ., உருப்பெருக்கம் 0.91, பெருக்கினால் 62. எம்6இன் வழக்கமான 0.72 வியூஃபைண்டரில் 50. சைஸ் ஐகான் இசட்.எம்.மில் 75 மி.மீ. அடித்தளம், 0.74 உருப்பெருக்கம், ஏறத்தாழ 55. கேனன் 7இல் 47. 1:1 வியூஃபைண்டர் கொண்ட வாய்க்லேண்டர் பெஸ்ஸா ஆர்3ஏயில் 37. முதல் பெஸ்ஸா ஆரில் 25. 1973இன் லைக்கா சி.எல்.லில் வெறும் 19.

இனி லென்ஸின் பக்கம். குவியத்தூரத்தை அதே எண்ணால் பெருக்கி, எஃப் எண்ணால் வகுங்கள். 90 எஃப்/2 என்றால் 8100ஐ 2ஆல் வகுக்க 4050. 75 எஃப்/1.4க்கும் ஏறத்தாழ அதே 4018. 85 எஃப்/2க்கு 3612, 90 எஃப்/2.8க்கு 2893, 75 எஃப்/2.5க்கு 2250, 90 எஃப்/4க்கு 2025. இந்த எண்ணைக் கேமராவின் செயல்படு அடித்தளத்தால் வகுத்தால் ஃபோகஸ் எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு குறி கிடைக்கும். 60க்குக் கீழே வந்தால் நிம்மதி. 60 முதல் 90 வரை கவனமாக இருந்தால் போதும், கேமராவும் சரியாக அட்ஜஸ்ட் ஆகியிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் லென்ஸை முழுதாகத் திறந்து கிட்டத்தில் எடுப்பது லாட்டரி.

எம்6இல் 90 எஃப்/2 மாட்டினால் 81. எம்3இல் அதே லென்ஸ் 65. எம்6இல் 90 எஃப்/2.8 வெறும் 58, 90 எஃப்/4 இன்னும் எளிது, 40. பெஸ்ஸா ஆரில் 75 எஃப்/2.5 மாட்டினாலே 90 வந்துவிடுகிறது. அதில் 85 எஃப்/2 மாட்ட நினைத்தால் 144. சி.எல்.லுக்கென்றே லைக்கா செய்த 90 எல்மார்-சி ஏன் எஃப்/4ஓடு நின்றது என்பதும் இந்தக் கணக்கில் புரிந்துவிடும். அந்த எஃப்/4க்கே குறி 107 வருகிறது. இது தோராய அளவுகோல்தான். கூர்மையான கண்ணும் பழகிய கையும் இருந்தால் கொஞ்சம் மீறலாம். ஆனால் 144ஐ எந்தக் கையும் காப்பாற்றாது.

குறி அதிகமாக இருந்தால் ஒரு வழி உண்டு: ஐபீஸில் திருகும் 1.25 மடங்கு மேக்னிஃபையர். எம்6இன் 50ஐ அது 62 ஆக்கிவிடும், அதாவது எம்3இன் பலம். 135 எஃப்/2.8 எல்மாரிட் லென்ஸில், வியூஃபைண்டர் சாளரங்களுக்கு முன்னால் நிற்கும்படி லைக்கா மூக்குக்கண்ணாடி மாதிரி ஒன்றைப் பொருத்தியதும் இதே காரணத்துக்காகத்தான், அது 1.5 மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

குட்டி டெலியில் மட்டும் பிழை ஏன் இவ்வளவு பெரிதாகிறது? லைக்கா ரேஞ்ச்ஃபைண்டர் எந்த லென்ஸ் வந்தாலும் அதை 51.6 மி.மீ. லென்ஸாகவே பாவிக்கிறது. முடிவிலியிலிருந்து 1 மீட்டருக்கு வர அப்படிப்பட்ட லென்ஸ் 2.8 மி.மீ. முன்னே நகரும். 90 லென்ஸ் ஏறத்தாழ 9 மி.மீ. நகர வேண்டும். லென்ஸின் பின்புறமுள்ள சரிவான வளையம் அந்த 9ஐ 2.8 ஆகக் குறைத்து, கேமராவுக்குள் இருக்கும் சிறு உருளையைத் தள்ளுகிறது. அப்படியென்றால் உருளையில் 0.02 மி.மீ. பிழை இருந்தால் லென்ஸ் பக்கம் அது 0.06 மி.மீ. ஆகப் பெருகும். எஃப்/2இல் ஃபிலிம் பக்கம் தாங்கக்கூடிய பிழையும் அதே 0.06தான். 50 எஃப்/2இல் ஒரு வருடமாக ஒழுங்காகப் படம் தந்த கேமரா, 90 எஃப்/2 மாட்டிய அன்றே காதைக் கூர்மையாகவும் கண்ணை மங்கலாகவும் எடுப்பது இதனால்தான். புது லென்ஸ் பழுது என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

கோடுகள் எங்கே?

லென்ஸை மாட்டும்போது மவுண்டிலுள்ள சிறு நாக்கு ஒரு நெம்புகோலை நகர்த்தி, உரிய ஃப்ரேம் கோட்டைக் காட்டுகிறது. எம்3இல் 50, 90, 135 மட்டும். எம்2இல் 35, 50, 90. 75க்கான கோடு எம்4-பி வந்தபோதுதான் வந்தது. அது முதல் 50ஓடு 75, 28ஓடு 90, 35ஓடு 135 என ஜோடி ஜோடியாகத் தெரியும். ஆக எம்3இலோ எம்2இலோ 75ஐ மாட்டினால் 50இன் கோடுதான் வரும். உள்ளே கொஞ்சம் சுருக்கி ஊகிக்க வேண்டியதுதான். எம்6இல் 75க்கு இருப்பதும் 50க்கு உள்ளே நிற்கும் சின்னஞ்சிறு மூலைக் குறிகள். அவசரத்தில் கண் 50இன் பெரிய சட்டத்துக்கே போய்விடும். படத்தைப் பார்க்கும்போது தோள் வெட்டுப்பட்டிருக்கும். 75இன் உண்மையான தொல்லை இதுதான், கூர்மையோ எடையோ அல்ல.

90இன் கோடு தனித்துத் தெளிவாகத் தெரியும், ஆனால் குட்டி. 28இன் சட்டத்தோடு ஒப்பிட்டால் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். முகபாவத்தை அதற்குள் பார்ப்பது தபால் தலையைப் பார்ப்பது போல. 0.85 வியூஃபைண்டர் கொண்ட எம்6இலும், 40, 50, 75, 90 எல்லாம் கொண்ட பெஸ்ஸா ஆர்3ஏயிலும் இது எவ்வளவோ வசதி.

கோடுகள் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குத்தான் சரியாக இருக்கும். டிஜிட்டல் லைக்காக்களில், எம்9இல் அது 1 மீட்டர், எம்240இல் 2 மீட்டர். வியூஃபைண்டரும் லென்ஸும் வெவ்வேறு இடத்திலிருந்து பார்ப்பதால் வரும் விலகலை, அதாவது பேரலாக்ஸை, கோடுகள் நகர்ந்து சரிசெய்யும். ஆனால் கிட்டே போகப்போக லென்ஸின் பார்வைப் பரப்பு சுருங்குவதைச் சரிசெய்யாது. எம்240இல் 1 மீட்டரில் 90ஐ வைத்து எடுத்தால் கோட்டுக்குள் தெரிந்ததைவிடச் சற்று குறைவாகவே பதிவாகும். தலைக்கு மேல் விரலளவு இடம் விட்டு எடுங்கள்.

எந்த லென்ஸ்

புதிதாகத் தொடங்குபவருக்கு, எம்6 அல்லது அதற்குப் பிந்தைய எம் கேமராவில், 90 எஃப்/2.8 வாங்குங்கள் என்பதே எங்கள் பதில். 1990இல் வந்த எல்மாரிட்-எம் உறுதியானது, 46 மி.மீ. ஃபில்டர், முழுதாகத் திறந்தே நன்றாக எடுக்கும். அதற்கு முந்தைய மெல்லிய டெலி-எல்மாரிட் 225 கிராம்தான், பாக்கெட்டில் போகும். ஆனால் அதன் பின்பக்கக் கண்ணாடியில் மங்கலும் அரிப்பும் வருவது பிரசித்தம். டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 90 எஃப்/4 எல்மார் மலிவு, ஃபோகஸ் எளிது. எஃப்/4 என்றதும் முகம் சுளிக்க வேண்டாம்: 1.5 மீட்டரில் எஃப்/4இல் 90 தரும் கூர்மை ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகக் கூர்மையாகத் தெரியும் மொத்தத் தூரம், 6 செ.மீ. சொச்சம். இரண்டு கண்ணும் உதடும் அதில் அடங்கும், காது மெல்லக் கரையும். முகப்படத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? 90 எஃப்/2 சம்மிக்ரான்கள் அருமையானவைதான். ஆனால் 1 மீட்டரில் எஃப்/2இல் கூர்மை ஆழம் 13 முதல் 14 மி.மீ. ஒரு கண் கூர்மை, அடுத்த கண் மங்கல். மங்கிய பின்புலத்துக்காகக் காசு கொடுத்துவிட்டுக் கடைசியில் எஃப்/4இல் எடுப்பவர்களே அதிகம்.

75இன் பலம் வேறு. வீட்டு அறைக்குள், இடம் குறைவாக இருக்கும்போது அது பயன்படும்; ஆளோடு சூழலும் கொஞ்சம் படத்தில் வரும். வாய்க்லேண்டரின் 75 எஃப்/2.5 கலர்-ஹீலியார் சிறியது, ஸ்க்ரூ மவுண்ட் (திருகி மாட்டும் வகை), சிறு அடித்தளக் கேமராக்களுக்கும் தோது. 2005இல் வந்த லைக்காவின் 75 எஃப்/2 சம்மிக்ரான் 0.7 மீட்டர் வரை கிட்டப் போகும். வால்டர் மாண்ட்லர் வடிவமைத்து 1980இல் வந்த 75 எஃப்/1.4 சம்மிலக்ஸை ஆசைப்பட்டு வாங்குபவர்கள் நிறைய. அது போகக்கூடிய மிகக் கிட்டத் தூரமான 0.75 மீட்டரில் எஃப்/1.4இல் அதன் கூர்மை ஆழம் ஏறத்தாழ 7.5 மி.மீ. இமை முடியில் ஃபோகஸ் வைத்தால் கருவிழி போய்விடும். முதல் லென்ஸாக அது வேண்டாம்.

85க்கு ஒரு வரலாறு உண்டு. 1950இல் டோக்கியோவில் ஜப்பானியப் புகைப்படக்காரர் ஜுன் மிக்கி, 'லைஃப்' பத்திரிகையின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கனை நிக்கானின் 8.5 செ.மீ. எஃப்/2 நிக்கார் லென்ஸில் படம் எடுத்தார். பெரிதாக்கிய படத்தின் கூர்மையைப் பார்த்த டங்கன் நிக்கார் லென்ஸ்களைத் தேடிப் போனார். கொரியப் போரில் அவற்றையே பயன்படுத்தினார். நிக்கானின் பெயர் வெளியே பரவியது அங்கிருந்துதான். அந்த நிக்காரும் கேனனின் 85களும் ஸ்க்ரூ மவுண்டில் கிடைக்கின்றன. லைக்கா எம்மில் 85க்குக் கோடு இல்லை. 90இன் கோட்டைப் பயன்படுத்தலாம், படம் சற்றே அகலமாக வரும், அதனால் நஷ்டமில்லை. சைஸ் ஐகான் இசட்.எம்.மில் 85க்கென்றே கோடு உண்டு. சைஸின் 85 எஃப்/4 டெலி-டெஸ்ஸார் அந்தக் கேமராவுக்கு மிகப் பொருத்தம்.

105 எஃப்/2.5 நிக்கார் பின்னாளில் எஸ்.எல்.ஆரில் புகழ்பெற்றது, அது 1953இல் ரேஞ்ச்ஃபைண்டருக்காகத்தான் பிறந்தது. 105க்குக் கோடு கொண்ட நிக்கான் எஸ்.பி. வைத்திருப்பவருக்கு அது தங்கம், மற்றவர்களுக்குத் தலைவலி. 135ஐ முகப்படத்துக்கு விட்டுவிடலாம், 90இன் கோடே சிறிது என்றால் அது கடுகு.

ஸ்க்ரூ மவுண்ட், சோவியத் லென்ஸ்

39 மி.மீ. ஸ்க்ரூ மவுண்ட் லென்ஸை எம் கேமராவில் மாட்ட 1 மி.மீ. தடிமன் உள்ள அடாப்டர் போதும். ஸ்க்ரூ மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் 28.8 மி.மீ., எம் மவுண்டுக்கு 27.8, வித்தியாசம் அந்த ஒரு மில்லிமீட்டர்தான். அடாப்டர் மூன்று வகை: 50/75, 28/90, 35/135. 90 லென்ஸுக்கு 50/75 அடாப்டரை வாங்கினால் தவறான கோடு வரும். மலிவு அடாப்டர்களில் தடிமன் சில நூறில் ஒரு பங்கு மி.மீ. பிசகினாலும் 90இல் அது தெரியும். அளந்து பார்க்க மைக்ரோமீட்டர் இருந்தால் நான்கு இடத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜூபிடர்-9 என்ற சோவியத் 85 எஃப்/2 மலிவு. சைஸின் சோன்னார் என்ற பழைய லென்ஸ் வடிவத்தின் வழிவந்தது. 15 இதழ் அப்பர்ச்சர், எந்த எண்ணில் மூடினாலும் வட்டமான துளை. ஸ்க்ரூ மவுண்டில் கிடைக்கிறது என்று லைக்காவில் மாட்டினால் தூரத்தில் சரியாக இருக்கும், கிட்டத்தில் விலகும். சைஸின் பழைய காண்டாக்ஸ் கேமராவின் வழியில் வந்த அந்த லென்ஸ்களின் ஃபோகஸ் அளவு லைக்காவின் 51.6உடன் அச்சொட்டாகப் பொருந்துவதில்லை. உள்ளே இருக்கும் ஷிம் என்ற மெல்லிய வளையத்தை மாற்றி 1.5 மீட்டரில் சரியாக்கலாம். அப்போது முடிவிலி கொஞ்சம் போகும். முகப்படத்துக்கு மட்டும் என்றால் அது நல்ல பேரம். முன்பு யாரோ கழற்றிப் பார்த்துத் தப்பாக மாட்டிய லென்ஸ்களும் சந்தையில் ஏராளம். வாங்கியதும் சோதித்துவிட வேண்டும்.

சோன்னார் வகை லென்ஸ்களுக்கு இன்னொரு குணம்: அப்பர்ச்சரை மூடும்போது ஃபோகஸ் மெல்லப் பின்னால் நகரும். எஃப்/2இல் கண்ணில் சரியாக நின்றது எஃப்/4இல் காதை நோக்கிப் போகும். எந்த எண்ணில் அதிகம் எடுப்பீர்களோ அந்த எண்ணிலேயே சோதியுங்கள்.

சென்னை, யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் பழைய லென்ஸ் என்றாலே பூஞ்சை பயம் உண்டு. பின்னாலிருந்து டார்ச் அடித்து, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து பாருங்கள். சிலந்தி வலை போல நூல் தெரிந்தால் பூஞ்சை. பால் படிந்தது போலிருந்தால் மங்கல். முகப்படத்தில் எதிர்வெளிச்சம் விழுந்ததும் கான்ட்ராஸ்ட் போய்விடும். வீட்டில் 40–50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் போதும்.

அளவுகோல் சோதனை

30 செ.மீ. அளவுகோலை மேசைமேல் 45 பாகையில் சாய்த்து வையுங்கள். 15ஆம் எண்ணுக்குப் பக்கத்தில், அதே தூரத்தில், கறுப்புக் கோடு போட்ட அட்டையைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கேமராவை முக்காலியில், ஃபிலிம் இருக்கும் தளத்திலிருந்து அளந்து 1 மீட்டரில் வையுங்கள். லென்ஸை முழுதாகத் திறந்து, அட்டையின் கோட்டில் ஃபோகஸ் செய்யுங்கள். முடிவிலியிலிருந்து வந்து மூன்று படம், கிட்டத்திலிருந்து வந்து மூன்று படம். ஆறும் ஒரே பக்கம் விலகியிருந்தால் அட்ஜஸ்ட்மென்ட் கோளாறு. முன்னும் பின்னும் சிதறினால் கண்ணோ ஃபோகஸ் திருகலின் தளர்வோ காரணம். 90 எஃப்/2இல் 15க்கு இருபுறமும் அளவுகோலில் ஏறத்தாழ 1 செ.மீ. வரை கூர்மையாக இருக்க வேண்டும். பிறகு 50 லென்ஸை மாட்டிச் செய்யுங்கள். அதுவும் அதே பக்கம் விலகினால் கேமராவைச் சரிசெய்ய வேண்டும்; 50 சரியாக இருந்தால் லென்ஸை. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரத்தைப் பார்த்து முடிவிலியையும் சோதியுங்கள். கட்டத்தில் பிம்பங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, உயரத்தில் விலகி நின்றால் அதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்; அது இருக்கும்வரை எந்த ஃபோகஸும் உறுதியாகத் தெரியாது.

எடுக்கும்போது

கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால் பிம்பங்கள் இடவலமாக விலகும். கருவிழியின் ஓரம், மூக்கின் ஓரம் போன்ற செங்குத்துக் கோடுகளில் பொருத்துவது எளிது. முகப்படத்துக்குச் செங்குத்தாகத் திருப்பியதும் பிம்பங்கள் மேலும் கீழுமாக விலகும். இப்போது மேலிமை, புருவம், மூக்குக்கண்ணாடியின் மேல்விளிம்பு ஆகியவைதான் உதவும். இது தெரியாமல் கருவிழி ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஃபோகஸ் கிடைக்கவே கிடைக்காது.

ஃபோகஸ் கட்டம் நடுவில் மட்டும் இருப்பதால், கண்ணில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைச் சாய்த்துக் கண்ணை மேல்மூன்றிலொன்றுக்குக் கொண்டுபோவது எல்லோருக்கும் பழக்கம். 1 மீட்டரில் கண்ணை 9 செ.மீ. நகர்த்தும் அளவு சாய்த்தால் கூர்மைத் தளம் கண்ணுக்கு 4 மி.மீ. பின்னால் போய்விடும். எஃப்/2இல் கண்ணுக்குப் பின்னால் நமக்கு இருப்பதே 7 மி.மீ. மட்டும். சாய்க்காமல், முழங்கால் மடக்கிக் கேமராவை அப்படியே நேராகக் கீழே இறக்குங்கள். தளம் கண்ணிலேயே நிற்கும். எஃப்/4, 1.5 மீட்டர் என்றால் இந்தக் கவலை பாதி குறையும்.

பொருத்தியதும் மூச்சை இழுத்துப் பிடிக்காமல் உடனே அழுத்துங்கள். எதிரே இருப்பவர் பேசிக்கொண்டே 2 செ.மீ. முன்னே சாய்ந்தாலும் எஃப்/2 படம் போயிற்று. அவர் நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தால் பாதிப் பிழை குறையும். 90இல் ஷட்டர் 1/125க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 1/250 இருந்தால் நல்லது. ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸைச் சிறிது விலக்கிவிட்டு மறுபடி பொருத்துங்கள். ஒரே ஃபோகஸில் நான்கு படம் எடுத்தால் நான்கும் ஒன்றாகவே கெட்டுப்போகும்.